சிவப்பு மறுவும் காலக் கணக்கும்

பாஸ்டன் நகரிலிருந்து 1982, 1983 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. முதலாவதை எழுதியவர்கள் ஜான் முல்லிகென் என்ற அறுவை மருத்துவரும் ஜூலி குளோவாக்கி என்ற ஆய்வாளரும் ஆவர். குழந்தைகளின் தோலில் காணப்படும் சிவப்பு மறுக்களை எவ்வாறு வகைப்படுத்துவது என்பது அதன் பொருள். இரண்டாவதை எழுதியவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர். 'சயன்ஸ்' இதழின் 1983 ஏப்ரல் 29 வெளியீட்டில் நான்கே பக்கங்களில் வந்த அக்கட்டுரை, சுற்றியுள்ள தோலைக் கெடுக்காமல் இரத்தக் குழாய்களை மட்டும் ஒளியால் சிதைக்கும் வழியைக் கூறிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்து, அவற்றின் நிறைகுறைகளைக் கூறுவதே இங்கு என் நோக்கம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கட்டுரைகளை இப்போது எதற்காக விமரிசிக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு. "லேசர் கதிர் சிவப்பை மட்டுமே தாக்கும், தோலைத் தொடாது" என்று விளம்பரப் பலகைகள் கூறுகின்றன. நல்ல எண்ணத்துடன் எழுதப்படும் அறிவியல் கட்டுரைகள் சிலவும் அதையே திருப்பிச் சொல்கின்றன. இது 1983 கட்டுரையின் ஒரு பாதி மட்டுமே. அது நிறத்தைப் பற்றிய பாதி. மறு பாதி காலத்தைப் பற்றியது. எளிமைப்படுத்தி எழுதுவோர் விட்டுவிடுவது அந்தப் பாதியைத்தான். 1982 கட்டுரைக்கும் உயிர்நாடி காலமே என்பதைப் பின்னர்க் காண்போம். கைக்குழந்தையின் கன்னத்தில் சிவப்பைக் கண்டு அஞ்சும் பெற்றோர், அவசரப்படக் கூடாத இடத்தில் அவசரப்படுவதும், அவசரப்பட வேண்டிய இடத்தில் காத்திருப்பதும் இந்தக் குறையால் நேர்கின்றன.

ஒரே பெயர், இரண்டு பொருள்

நம் பேச்சு வழக்கில் கருப்புப் புள்ளியும் மச்சம்தான், சிவப்புத் திட்டும் மச்சம்தான். மருத்துவ நூல்களும் நெடுங்காலம் இதைவிட மேலாக இருக்கவில்லை. இரத்தக் குழாய் சார்ந்த எந்தச் சிவப்புக்கும் 'ஹெமான்ஜியோமா' என்ற பெயரைச் சூட்டி, அதன் முன் ஓர் அடைமொழியைச் சேர்த்துவிடுவர். கனியின் நிறமாக இருந்தால் ஸ்ட்ராபெரி. மதுவின் நிறமாக இருந்தால் போர்ட் ஒயின். பழக்கடையையும் மதுக்கடையையும் துணைக்கு அழைத்துச் செய்த வகைப்பாடு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு. ஸ்ட்ராபெரி மறு பெரும்பாலும் பிறக்கும்போது கண்ணுக்குத் தெரியாது; அல்லது வெளிறிய தடமாக மட்டும் இருக்கும். சில வாரங்களில் சிவந்து, மேடாகி, விரைந்து வளரும். அவ்வளர்ச்சி மிக வேகமாக இருப்பது ஐந்தரை வாரத்திற்கும் ஏழரை வாரத்திற்கும் இடையில் என்று 2012இல் புகைப்படங்களைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். பிறகு வளர்ச்சி தளரும், நிற்கும், நிறம் மங்கும், மேடு தணியும். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளிடமும் குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

போர்ட் ஒயின் கறை பிறக்கும்போதே இருக்கும். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ மூவரிடம் உண்டு. அது மேடாக இராது. குழந்தை வளரும் விகிதத்திலேயே தானும் வளரும், தானாக மறையாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதிலுள்ள குழாய்கள் விரிந்து, இளஞ்சிவப்பு கருஞ்சிவப்பாக மாறும். நடுவயதில் சிலருக்குத் தோல் தடித்துவிடும். (பிறந்த குழந்தையின் பிடரியிலும் இமைகளிலும் காணப்படும் வெளிர்சிவப்புத் தடம் இவ்விரண்டிலும் சேராது. மிகப் பல குழந்தைகளுக்கு உள்ள அது, இமையில் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடும்.)

ஒரு பேருந்தின் புகைப்படத்தைக் காட்டி, அதன் வேகம் என்னவென்று மாணவரைக் கேட்டால் அவர் சிரிப்பார். இரண்டு படங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட நேரமும் வேண்டும். சிவப்பு மறுவும் அப்படித்தான். ஒரு நாள் பார்த்துப் பெயரிட்டதில் வந்த வினையே பழைய குழப்பம் முழுவதும்.

முல்லிகெனும் குளோவாக்கியும் இதை ஆய்வுக்கூடத்தில் நிலைநாட்டினர். 49 திசு மாதிரிகளை எடுத்துக்கொண்டு, அவற்றிலுள்ள குழாய்களின் உட்படலச் செல்கள் பெருகுகின்றனவா என்று பார்த்தனர். பார்த்த முறை இயற்பியல் மாணவர்களுக்குச் சுவை தரும். புதிய டி.என்.ஏ. செய்யும் செல்லுக்குத் தைமிடின் என்ற பொருள் வேண்டும். அந்தத் தைமிடினில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கதிரியக்கமுள்ள ட்ரைட்டியத்தை வைத்துக் கொடுத்தால், பெருகும் செல் அதை விழுங்கும். மேலே புகைப்படப் பசையைப் பூசி வைத்தால், அந்தச் செல் இருக்கும் இடத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். வளரும் ஸ்ட்ராபெரி மறுவில் புள்ளிகள் தோன்றின. போர்ட் ஒயின் கறை போன்றவற்றில் தோன்றவில்லை. ஆகவே முன்னது செல்கள் பெருகிப் பின் ஓயும் கட்டி. பின்னது செல் பெருக்கமின்றிக் குழாயின் அமைப்பு மட்டும் பிறழ்ந்த நிலை. நிறத்தை விட்டு நடத்தையை அளவுகோலாகக் கொண்டதே இக்கட்டுரையின் பெருமை. 1996இல் இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது.

குறை இல்லாமல் இல்லை. அறுவையில் கிடைத்த திசுக்களே ஆய்வுக்கு வந்தன. தொல்லை தராமல் வீட்டிலேயே மறைந்துபோகும் மறு அறுவைக் கத்தியைக் காண்பதில்லை. இதைவிடப் பெரிய குறை, பழைய சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது. 'ஹெமான்ஜியோமா' என்ற பெயரைக் குறுக்கி, முதல் வகைக்கு மட்டும் உரியதாக்கினார்கள். பல ஆண்டுகளாக எதற்கும் பயன்பட்டு வந்த சொல்லை ஒரே நாளில் சிறையிட முடியுமா? இன்றும் பெரியவர்களின் ஈரலில் காணப்படும் முற்றிலும் வேறான ஒன்றை அதே பெயரால் எழுதுகிறார்கள். புதுப் பொருளுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தால் எத்தனையோ குழப்பம் தவிர்ந்திருக்கும்.

ரேடியத்திற்குக் கிடைத்த பெயர்

காலத்தைக் கணக்கில் சேர்க்காததால் என்ன நேர்ந்தது என்பதற்குச் சுவீடன் நாடு சான்று. ஸ்டாக்ஹோமிலும் கோட்டன்பர்க்கிலும் 1920களிலிருந்தும் 1930களிலிருந்தும் கைக்குழந்தைகளின் சிவப்பு மறுக்களுக்கு ரேடியக் கதிர்வீச்சு கொடுத்து வந்தார்கள். மறு வளர்ந்து உச்சத்தை எட்டும் சமயத்தில் தாய் குழந்தையைக் கொண்டு வருவாள். ரேடியம் வைப்பார்கள். சில மாதங்களில் மறு வெளிறும். சில ஆண்டுகளில் மறையும். மருத்துவருக்கு மகிழ்ச்சி, தாய்க்கு மகிழ்ச்சி, ரேடியத்திற்குப் புகழ். ரேடியம் வைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கேட்டவர் குறைவு.

கேட்ட ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். லிஸ்டர் என்ற மருத்துவர் 77 குழந்தைகளிடம் இருந்த 93 ஸ்ட்ராபெரி மறுக்களை ஒன்றும் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்து வந்தார். முதல் மாதங்களில் விரைந்து வளரும் மறுக்கள், சராசரியாக ஐந்தாம் வயதை ஒட்டித் தாமாகவே சுருங்கி மறைகின்றன என்று 1938இல் 'லான்செட்' இதழில் எழுதினார். கருவி எதுவும் இல்லை. நாட்காட்டி ஒன்றே கருவி. என் பார்வையில், இப்பொருள் பற்றி எழுந்த எழுத்துகளிலேயே துணிவு மிக்கது இதுதான். எதுவும் செய்யாமல் இருப்பதற்கு மருத்துவருக்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

அந்தக் கட்டுரை வந்த பின்னும் ஸ்டாக்ஹோமில் 1959 வரையிலும் கோட்டன்பர்க்கில் 1965 வரையிலும் கதிர்வீச்சு கொடுக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. இவ்விரு நகரங்களிலும் சிகிச்சை பெற்றவர்களில் 28,008 பேரின் பிற்கால வாழ்வைச் சேர்த்து ஆராய்ந்த முடிவு 1998இல் வெளியாயிற்று. மூளை பெற்ற கதிர்வீச்சு கூடக்கூட மண்டையோட்டினுள் கட்டிகள் தோன்றுவதும் கூடியிருந்தது. தைராய்டு, மார்பகப் புற்றுநோய்களும் மிகுந்திருந்ததை வேறு ஆய்வுகள் காட்டின. தானே மறையக்கூடிய ஒன்றுக்காகக் கொடுத்த விலை இது.

இதைப் படித்து, "அப்படியானால் எந்தச் சிவப்பு மறுவையும் கவனிக்காமல் விட்டுவிடலாம்" என்று யாரேனும் முடிவு கட்டினால் அதுவும் பிழை. லிஸ்டரின் கட்டுரையைப் போற்றியவர்கள் பின்னாளில் இந்தப் பிழையைச் செய்தார்கள். "தானாகப் போய்விடும்" என்ற ஒரே வாக்கியம் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்துச்சீட்டாயிற்று. கண்ணிமையில் வளரும் மறு பார்வையை மறைத்து, அந்தக் கண்ணின் திறனையே நிரந்தரமாகக் குறைத்துவிடும். தாடையைச் சுற்றி வளர்வது சிலருக்கு மூச்சுக் குழலுக்குள்ளும் இருக்கும். உதட்டிலும் இடுப்புக்குக் கீழும் உள்ளவை புண்ணாகலாம். மூக்கு நுனியில் வளர்ந்தது சுருங்கிய பின்னும் மூக்கின் வடிவைக் கெடுத்துவிட்டிருக்கும். உடலில் ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் ஈரலிலும் உண்டா என்று பார்க்க வேண்டும். இவர்களுக்குக் காலம் நண்பன் அல்லன். ஆபத்தான இடத்தில் உள்ள மறுவைக் குழந்தைக்கு ஒரு மாதம் ஆவதற்குள் வல்லுநர் பார்ப்பது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது. மேலே கூறிய ஐந்தரை வாரக் கணக்கை இத்துடன் சேர்த்துப் பார்த்தால் காரணம் புரியும்.

அவர்களுக்கு இன்று மருந்து இருக்கிறது. அது கிடைத்த கதை வியப்பானது. பிரான்சின் போர்தோ நகரில், இதயக் கோளாறுக்காகக் குழந்தை ஒன்றுக்குப் ப்ரோப்ரனலால் என்ற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். அக்குழந்தைக்கு ஸ்ட்ராபெரி மறுவும் இருந்தது. மருந்து தொடங்கிய மறுநாளே மறுவின் நிறம் மாறி, அது மென்மையாயிற்று. கிறிஸ்டின் லெயோத்தே-லாப்ரேஸ் என்ற தோல் மருத்துவரும் தோழர்களும் இதைப் பதினொரு குழந்தைகளிடம் கண்டு 2008இல் ஒரு கடிதமாக வெளியிட்டனர். 2015இல் 460 கைக்குழந்தைகளைக் கொண்ட சோதனை முடிவு வந்தது. மருந்தை ஆறு மாதம் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கு மறு முற்றிலும் அல்லது ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது. வெறும் இனிப்பு நீர் போன்ற போலி மருந்தைப் பெற்றவர்களில் 4 விழுக்காடு. இந்தப் போலி மருந்துக் குழுதான் சுவீடனில் இல்லாது போயிற்று. ஒரு எச்சரிக்கை: இம்மருந்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் குறைக்கக் கூடியது. மருத்துவர் மேற்பார்வையின்றிக் கைக்குழந்தைக்குக் கொடுத்தல் உயிருக்கே ஆபத்து.

குறி பார்க்காத ஒளி

இனி 1983 கட்டுரைக்கு வருவோம். போர்ட் ஒயின் கறைக்கு மருந்தும் இல்லை, காத்திருப்பதால் பயனும் இல்லை. 1970களில் ஆர்கான் லேசரைப் பயன்படுத்தினார்கள். அது நீலப் பச்சை ஒளியைத் தொடர்ச்சியாகத் தருவது. பெரியவர்களுக்கு ஓரளவு பயன் தந்தது. குழந்தைகளின் மென்மையான தோலிலோ பல சமயம் தழும்பை விட்டுச் சென்றது. கறைக்குப் பதில் தழும்பு.

உட்கவர் நிறமாலை பற்றிய பாடத்தின்போது என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், குழாய் எங்கே இருக்கிறது என்று லேசருக்கு எப்படித் தெரியும்?" தெரியாது என்பதே விடை. தெரிய வேண்டியதில்லை என்பதுதான் ஆண்டர்சன், பாரிஷ் இருவரின் கண்டுபிடிப்பு. கட்டுரையின் சுருக்கத்திலேயே, குறி பார்க்கத் தேவையில்லை என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது நிறம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 418, 542, 577 நானோமீட்டர் அலைநீளங்களில் ஒளியை மிகுதியாக உட்கவரும். 577 என்பது மஞ்சள் ஒளி. இரத்தத்தைத் தேடிச் செல்லாவிட்டாலும், இரத்தத்தில்தான் அது மிகுதியாகத் தங்கும்.

இரண்டாவது காலம். கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணியை வெயிலில் உலர்த்துவோம். கருங்கோடு மிகுதியான வெப்பத்தை ஏற்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் துணி முழுவதுமே சுடுகிறது. வெப்பம் கருப்பிலிருந்து வெள்ளைக்குப் பரவிவிட்டது. அந்த ஒரு மணி வெயிலையும் ஒரே கணத்தில் மின்னலைப் போலப் பாய்ச்ச முடிந்தால்? வெப்பம் பரவுவதற்கு நேரமே இராது. கருங்கோடு கருகும், வெள்ளைக்கோடு பிழைக்கும். ஆர்கான் லேசர் வெயிலைப் போல வேலை செய்தது. தேவைப்பட்டது மின்னல்.

எவ்வளவு குறுகிய மின்னல்? இங்குதான் கட்டுரையின் அழகு. 1822இல் ஃபூரியே எழுதிய வெப்பக் கடத்தல் சமன்பாடே போதும். உருளை வடிவக் குழாய் ஒன்று தன் வெப்பத்தில் பெரும்பகுதியை இழக்க எடுக்கும் நேரம், அதன் விட்டத்தின் இருபடியை வெப்பப் பரவுதிறனின் பதினாறு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். திசுவின் பரவுதிறன் விநாடிக்கு 0.0013 சதுர சென்டிமீட்டர். மாணவர்கள் தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 0.05 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்கு 1.2 மில்லி விநாடி வரும். விட்டம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகி 4.8 மில்லி விநாடி. 0.01 மில்லிமீட்டர் நுண்குழாய்க்கு 0.05 மில்லி விநாடி மட்டுமே. இந்த நேரத்திற்குள் ஒளித்துடிப்பு முடிந்துவிட வேண்டும்.

பட்ட வகுப்பு மாணவர் பத்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது! லேசர் கண்டுபிடிக்கப்பட்ட 1960ஆம் ஆண்டிலேயே யாரும் போட்டிருக்கலாம். போடவில்லை. தோல் மருத்துவருக்கு ஃபூரியே வேண்டாதவர். இயற்பியலாருக்குக் குழந்தையின் கன்னம் வேண்டாதது. கல்லூரிகளில் இயற்பியல் துறைக்கும் உயிரியல் துறைக்கும் நடுவே இருக்கும் தாழ்வாரத்தை நினைத்துக்கொள்கிறேன். அதைக் கடந்து செல்வோர் எவ்வளவு பேர்?

இனிக் குறைகள். முதலாவது, தலைப்பிலேயே இருக்கிறது. "துல்லியமான நுண்ணறுவை" என்ற பொருள்படும் சொற்களைத் தலைப்பில் வைத்திருக்கிறார்கள். கட்டுரையில் அவர்கள் பயன்படுத்திய துடிப்பின் நீளம் 0.3 மைக்ரோ விநாடி. நாம் மேலே கண்ட 1.2 மில்லி விநாடியோடு ஒப்பிட்டால், இது நாலாயிரத்தில் ஒரு பங்கு. வெப்பம் வெளியே கசியாது என்பது சரி. ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் அவ்வளவு ஆற்றலும் இறங்கினால் இரத்தம் கொதித்துக் குழாய் வெடிக்கும். தோலுக்கடியில் இரத்தம் கசிந்து கருநீலமாகக் கன்றிப் போகும். துடிப்பு எதற்கு மேல் நீளக் கூடாது என்பதை அவர்களின் மாதிரி அழகாகச் சொல்கிறது. எதற்குக் கீழ் குறையக் கூடாது என்பதை அதே தெளிவுடன் சொல்லவில்லை. வெடிப்பது வேறு, வேகவைத்து மூடுவது வேறு. பின்னர் வந்த கருவிகள் துடிப்பை 0.45 மில்லி விநாடியாகவும், அதன் பின் 1.5 மில்லி விநாடியாகவும் அதற்கு மேலும் நீட்டின. அலைநீளமும், ஒளி தோலில் இன்னும் ஆழமாகச் செல்லும் பொருட்டு 585, 595 நானோமீட்டர் என்று நகர்ந்தது. கருவி செய்தவர்கள் கட்டுரையின் சூத்திரத்தைக் கொண்டே கட்டுரையின் எண்ணைத் திருத்தினார்கள் எனலாம். ஒரு கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல பெருமை வேறு என்ன? எனினும் "துல்லியம்" என்ற சொல் அன்றைக்கு அதற்கு உரியதன்று.

இரண்டாவது குறை ஆழமானது. மாதிரி ஒரே விட்டமுள்ள குழாயைப் பற்றிப் பேசுகிறது. போர்ட் ஒயின் கறையிலோ 0.01 மில்லிமீட்டர் முதல் 0.1 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது வரை எல்லா அளவுக் குழாய்களும் கலந்து கிடக்கின்றன. நேரக் கணக்கில் இது நூறு மடங்கு வேறுபாடு. சிறியதற்குப் பொருந்தும் துடிப்பு பெரியதற்குக் குறைவு. பெரியதற்குப் பொருந்துவது சிறியதற்கு நீளம், வெப்பம் கசிந்து அது தப்பிவிடும். ஒரே துடிப்பில் எல்லாவற்றையும் வீழ்த்த எந்தக் கருவியாலும் இயலாது. மேலும், மேலே கிடக்கும் குழாய்கள் ஒளியைக் குடித்துவிட்டால் கீழே கிடப்பவற்றுக்கு நிழல்தான். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போகும் ஒளி மிகக் குறைவு. ஆழமாக வளர்ந்த ஸ்ட்ராபெரி மறுவுக்கு இந்த லேசர் ஏற்றதல்ல என்பதும் இதனால்தான். அங்கே 1982 கட்டுரையைப் படிக்காமல் 1983 கட்டுரையை மட்டும் படித்தவர் தடுமாறுவார்.

மூன்றாவது, நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கு நேரடியாகத் தொடர்புடையது. இக்குற்றத்தைக் கட்டுரையின் மேல் முழுவதும் சுமத்த மாட்டேன். அதைப் பரப்பியவர்கள் மேல் சுமத்துவேன். கட்டுரையிலேயே இரண்டு இலக்குகள் உண்டு. ஒன்று இரத்தக் குழாய். மற்றொன்று, தோலுக்கு நிறம் தரும் மெலனின் துகள். அதை 351 நானோமீட்டர் ஒளியால் சிதைத்துக் காட்டினார்கள். மெலனின் ஒளியை நன்றாக உட்கவரும் என்பது இதன் பொருள். அது 577இலும் உட்கவரும். இரத்தக் குழாய்க்குச் செல்லும் ஒளி மெலனின் நிறைந்த மேல்தோலைக் கடந்துதான் செல்ல வேண்டும். நிறம் கூடக்கூட, வழியிலேயே சுங்கம் வசூலிக்கப்படுகிறது, சுங்கச்சாவடியும் எரிகிறது. மெலனின் மிகுந்தால் இலக்குத் தேர்வு குன்றும் என்பதை 1987இல் பாரிஷ் உட்பட்ட பாஸ்டன் குழுவினரே காட்டினர். அப்படியிருக்க, "சிவப்பை மட்டுமே தாக்கும்" என்று தமிழ் வாசகருக்கு எழுதுவது எந்த விதத்தில் நியாயம்? வெள்ளைத் தோலில் ஓரளவு உண்மையான வாக்கியம், கரிய தோலில் கொப்புளமாகவும், மாதக்கணக்கில் நிற்கும் கருந்தழும்பாகவும் முடியலாம்.

இதற்கும் மாற்றுக் கண்டார்கள். அதுவும் காலக் கணக்குத்தான். 1990களில் கலிபோர்னியாவில் ஸ்டூவர்ட் நெல்சனும் அவர் குழுவினரும், லேசர் துடிப்புக்குச் சற்று முன் மிகக் குளிர்ந்த திரவத்தைச் சில பத்து மில்லி விநாடிகள் மட்டும் தோலில் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தனர். மேல்தோலின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அவ்வளவு ஆழத்தைக் குளிர் கடக்க ஏறக்குறைய 20 மில்லி விநாடி ஆகும். குழாய் மூன்று மடங்கு ஆழத்தில் இருந்தால் ஒன்பது மடங்கு நேரம், அதாவது 180 மில்லி விநாடி வேண்டும். ஆகவே 20, 30 மில்லி விநாடிகளில் நிறுத்திவிட்டால் மேல்தோல் குளிர்ந்திருக்கும், குழாய் வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்தக் கணத்தில் லேசர் பாய்கிறது. வெப்பம் பரவுவதைக் கணக்கிட்ட அதே இருபடி விதி, குளிர் பரவுவதையும் கணக்கிட்டுவிட்டது. இம்முறையைப் பற்றி முதலில் படித்தபோது நான் கரும்பலகையில் போட்டுக் காட்டாத வகுப்பு இல்லை.

கறை யாருடைய குற்றம்?

1989இல் 35 குழந்தைகளுக்கு இந்த லேசர் கொடுத்த முடிவு வெளிவந்தது. சராசரியாக ஆறேழு முறை கொடுத்ததில் கறை வெகுவாக நீங்கியதாகவும், தழும்பு அரிது என்றும் அறிந்து உலகம் மகிழ்ந்தது. மகிழ்ச்சி நியாயமானதே; ஆர்கானின் தழும்புகளைக் கண்டவர்களுக்கு அது பெரிய மாற்றம். குழந்தையின் தோல் மெல்லியது, குழாய்களும் சிறியவை என்பதால் முதல் ஆண்டிலேயே தொடங்கும் வழக்கமும் வந்தது. ஆனால் பிற்கால அனுபவத்தில், கறை முற்றிலும் மறைவது சிலருக்கே என்று தெரிந்தது. பலருக்கு அது மங்குகிறது. நெதர்லாந்தில் 51 பேரைச் சிகிச்சை முடிந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் நிறமானியால் அளந்து, 2007இல் வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிடக் கறை வெளிறியே இருந்தது. ஆனால் சிகிச்சை முடிந்த சமயத்தில் இருந்ததைவிடக் கருத்திருந்தது. கண்ணால் பார்த்து "நன்றாயிருக்கிறது" என்று எழுதாமல், கருவியால் அளந்து, அதுவும் பத்தாண்டு கழித்து அளந்து எழுதியதால் இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். லிஸ்டரின் நாட்காட்டி மீண்டும் வெளியே வந்தது எனலாம்.

ஏன் திரும்புகிறது? 1983இல் அதற்கு விடை சொல்ல யாராலும் முடிந்திராது. 2013இல்தான் ஒரு வழி திறந்தது. போர்ட் ஒயின் கறையிலுள்ள செல்களில் ஜி.என்.ஏ.கியூ. என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். அதே ஆளின் மற்றத் தோலில் அம்மாற்றம் இல்லை. கரு உருவான பின், அதன் ஒரு செல்லில் நேர்ந்த பிழை அது. அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் பரவிய இடத்தில் கறை. நெற்றியிலும் மேலிமையிலும் கறையுள்ள குழந்தைகள் சிலருக்கு மூளையின் உறையிலும் கண்ணிலும் இதே கோளாறு இருந்து, வலிப்பும் கண்ணழுத்தமும் வருவதற்கும் இம்மாற்றமே காரணம். அத்தகைய குழந்தையைத் தோலுக்கு மட்டும் காட்டினால் போதாது.

கருவுற்ற தாய் கிரகணத்தில் வெளியே வந்தாள், அதனால் குழந்தைக்குக் கறை என்று நம் ஊர்களில் சொல்வர். இத்தாலியில் பிறவி மறுவுக்கு 'வோல்யா' என்று பெயர். ஆசை என்று பொருள். கருவுற்ற தாய் ஏதோ ஒன்றுக்கு ஆசைப்பட்டு அது கிடைக்காததால் வந்தது என்பது அங்கத்திய நம்பிக்கை. இரண்டு நாட்டிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றவள் தாய். தந்தைக்கோ தாய்க்கோ இல்லாத, பாட்டன் வழியில் வராத, கருவின் ஒரு செல்லில் நேர்ந்த மாற்றத்திற்கு அவள் எவ்வாறு பொறுப்பாவாள்?

லேசர் குழாயைச் சிதைக்கிறது. மாறிய மரபணுவைத் தாங்கிய செல்கள் எல்லாவற்றையும் அது அழிப்பதில்லை. தப்பிய செல்களிலிருந்து குழாய்கள் மீண்டும் உருவாகின்றன என்றே இப்போது கருதுகிறார்கள். ஆகவே லேசருக்குப் பின் புதுக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்தைத் தோலில் பூசிப் பார்க்கும் சோதனைகள் நடந்துள்ளன. எல்லாருக்கும் பரிந்துரைக்கும் நிலைக்கு அவை வரவில்லை. சிகிச்சைக்குச் செல்லும் பெற்றோர், தங்கள் குழந்தையின் தோல் நிறத்திற்கு எந்த அலைநீளம், எத்தனை மில்லி விநாடித் துடிப்பு, குளிரூட்டும் ஏற்பாடு உண்டா என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்கலாம். இவற்றை அறிந்த மருத்துவர் அக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.